பட்டனில் அடங்காத வார்த்தை

‘வெளியேறு’ என்ற வார்த்தையை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரும். பஸ்ஸின் அவசர வழியில் எழுதியிருந்தால்கூட வரும். எனக்கு இயல்பிலேயே மூக்கின் மேல் கோபம் என்பது வேறு விஷயம். ஆனால் இந்தக் கோபம் என் சொந்தச் சரக்கு இல்லை, அவளிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவள் போன பிறகு எனக்கு மிஞ்சியவற்றில் அதுவும் ஒன்று.

அவள் என்னோடு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த தோழி. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது அந்த சென்டர். கீழே மூட்டை இறக்கும் நாளெல்லாம் மருந்து வாடை மேலே ஏறி வந்துவிடும். அங்கே நாங்கள் இரண்டு பேரும்தான் டீச்சர்கள். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வேலைக்கோ கல்யாணத்துக்கோ காத்திருக்கும் பெண்கள்தான் அதிகம் வருவார்கள். நான் செட்டிகுளத்திலிருந்து வருவேன், அவள் அரியலூரிலிருந்து. வழியெல்லாம் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே வந்து சேர்வதால், மாடி ஏறியதும் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைப்பாள்.

அந்தக் காலத்தில்தான் அரியலூரைத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். கொஞ்ச நாளிலேயே பழையபடி பெரம்பலூரோடு சேர்த்தும் விட்டார்கள். சேர்த்த செய்தி வந்த அன்று நான் அவளைச் சும்மா விடவில்லை.

“என்னடி, கோச்சுக்கிட்டுப் போனவங்க திரும்ப எங்க வூட்டுக்கே வந்துட்டீங்களா?”

“நாங்க எங்க வந்தோம்? எங்கள விட்டா ஆளில்லன்னு நீங்கதான வந்து கூப்ட்டுக்கிட்டீங்க,” என்றாள். வாயில் அவளை ஜெயிக்க முடியாது.

லினக்ஸ் எங்களிடம் வந்தது ஆசையால் அல்ல, பயத்தால். சென்டரில் இருந்த எல்லா மெஷினிலும் ஓடியது ஒரே சிடியிலிருந்து காப்பி எடுத்துப் போட்ட விண்டோஸ். அப்போது எல்லா இடத்திலும் அப்படித்தான், யாரும் அதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. ஒருநாள் சென்டர் முதலாளி மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். “ஏம்மா, திருச்சியில செக்கிங் ஆரம்பிச்சுட்டாங்களாம். லைசென்ஸ் இல்லாத சென்டர்ல மெஷினையே தூக்கிட்டுப் போயிடறாங்களாம்,” என்றார். கையில் ஏதோ கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடி இருந்தது. “இதுல ஏதோ சும்மா குடுக்கற சாமான் இருக்காம். போட்டுப் பாருங்க.”

போட்டுப் பார்த்தோம். ஹார்ட் டிஸ்க்கை எப்படிப் பங்கு பிரிப்பது என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துவிட்டு, பெரிய தைரியசாலிகள் போல எல்லாவற்றுக்கும் சரி என்றோம். விண்டோஸோடு சேர்ந்து, முதலாளி ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த பழைய சினிமாப் பாட்டுகளும் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போயின. அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “ராஜா பாட்டெல்லாம் போச்சாம்மா?” என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வர, துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு பாத்ரூம் பக்கம் ஓடினாள். திட்டு முழுவதையும் நான்தான் வாங்கினேன்.

லினக்ஸ் என்றால் என்ன என்று அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தோம். கம்ப்யூட்டர் என்ற இரும்புப் பெட்டிக்கு உயிர் கொடுத்து, கீபோர்டில் தட்டுவதைத் திரைக்குக் கொண்டுபோய், எழுதியதை டிஸ்க்கில் பத்திரப்படுத்தி, பிரிண்டரை வேலை வாங்குகிற ஒன்று வேண்டும் அல்லவா, அதுதான் இயங்குதளம். விண்டோஸ் ஓர் இயங்குதளம், லினக்ஸ் இன்னொன்று. விண்டோஸை ஒரு கம்பெனி எழுதி, மூடி முத்திரை வைத்து விற்றது. லினக்ஸை உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எழுதி, எழுதியது எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று திறந்து வைத்திருந்தார்கள். போடலாம், பிரித்துப் பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம். ஒரே மாவில் இட்லியும் தோசையும் பணியாரமும் சுடுகிற மாதிரி, உள்ளே இருக்கும் கரு ஒன்றாகவே இருக்க, அதன் மேல் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு விதமாகக் கட்டி வெவ்வேறு பெயரில் விட்டிருந்தார்கள்.

ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் விடுதலைக்கும் ஒரே வார்த்தையாம். அதனால் அந்த ஊர்க்காரர்கள் ‘நாங்கள் சொல்வது காசில்லாதது என்ற பொருளில் இல்லை, சுதந்திரம் என்ற பொருளில்’ என்று பக்கம் பக்கமாக விளக்கியிருந்தார்கள். அவள் அதைப் படித்துவிட்டு, “நமக்கு இந்தத் தொல்லையே இல்ல பாரு. நம்மகிட்ட ரெண்டுக்கும் ரெண்டு வார்த்த இருக்கு,” என்றாள். வார்த்தை என்றால் அவளுக்கு உயிர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் முடித்தவள். ஒரு வரியில் பிழை இருந்தால் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி முகம் சுளிப்பாள்.

எங்களுக்கு இன்னொன்றும் பிடித்திருந்தது. விண்டோஸில் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து யாருடைய பைலையும் அழித்துவிட்டுப் போகலாம். லினக்ஸில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு, உள்ளே போனால் தனக்கென்று ஒரு ஹோம். அதை அவள் வீடு என்றுகூடச் சொல்ல மாட்டாள், வூடு என்றுதான் சொல்வாள். “உன் வூட்ட நீ கூட்டிக்க, என் வூட்ட நான் கூட்டிக்கறேன்,” என்று மாணவிகளுக்கு அவள் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சு வரை கேட்கும். எல்லா வீட்டுக்கும் சாவி வைத்திருக்கும் ஒரே ஆளுக்கு ரூட் என்று பெயர். சென்டரில் ரூட் நான்தான். சாவியைக் கோபக்காரியிடம் கொடுத்தால்தான் யாரும் கேட்டு வாங்க மாட்டார்கள் என்று அவளே முதலாளியிடம் சிபாரிசு செய்தாள்.

அப்போதுதான் எங்களுக்கு அந்த எண்ணம் வந்தது. லைசென்ஸ் வாங்க வேண்டாம், புது மெஷின்கூட வேண்டாம், ஆபீஸ்களில் கழித்துப் போடும் பழைய மெஷினிலும் இது ஓடும். அப்படியென்றால் அரியலூரில் நாமே ஒரு சென்டர் வைத்தால் என்ன? முழுக்க முழுக்கத் தமிழில். ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்தும் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்தும் பெரம்பலூர் வரை வர முடியாத பெண்கள் அங்கே வருவார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறந்தால் எங்களுக்கு இதே பேச்சுதான். அவள் கையால் சோற்றில் கோடு போட்டு, எந்தச் சுவர் ஓரம் மெஷின், எங்கே செருப்பு விடுவது என்று காட்டுவாள். எனக்கு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு ஆசையாக எதையும் எதிர்பார்த்த ஞாபகம் இல்லை.

முழுக்கத் தமிழில் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் அந்த ‘வெளியேறு’ வந்தது. லினக்ஸில் மொழியைத் தமிழ் என்று மாற்றினால் திரையில் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக எழுந்து நின்றது. வெளிநாட்டிலும் சென்னையிலும் இருந்த சில தமிழர்கள் ஓய்வு நேரத்தில் மொழிபெயர்த்தது. முதல்முறை பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் மட்டும் ஒவ்வொரு மெனுவாக இறங்கிப் படித்துக்கொண்டே போனாள். கடைசியில் வேலையை முடித்துவிட்டு அவரவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் இடத்தில் ‘வெளியேறு’ என்று ஒரு பட்டன் இருந்தது.

“என்னடி இது, நாயை வெரட்டற மாதிரி?” என்றாள். “காலையிலேர்ந்து ஒக்காந்து வேல பாத்திருக்கேன். கெளம்பும்போது வெளியேறுங்குது. யார் வூட்டுல யாரை வெளியேறச் சொல்லுது?”

“லாக் அவுட்டுக்கு வேற என்னதான் போடுவாங்க?”

“நீ சாயங்காலம் எங்கிட்ட என்ன சொல்லிட்டு பஸ் ஏறுவ?”

“போயிட்டு வரேன்னு சொல்லுவேன்.”

“அதத்தான் போடணும்.”

பிடிக்காததை மாற்றலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? ஒற்றைக் காலில் நின்றாள். மொழிபெயர்க்கும் பைலை எப்படித் திறப்பது, ஆங்கிலத்துக்குக் கீழே தமிழை எப்படி அடிப்பது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சென்டருக்கு வந்து கற்றுக்கொண்டோம். முடித்த பைலை பிளாப்பியில் போட்டு எடுத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய், மொழிபெயர்ப்பாளர்களின் மின்னஞ்சல் குழுவுக்கு அனுப்பினோம். பெரம்பலூரில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து அனுப்பியதை எங்கோ கனடாவிலும் சிங்கப்பூரிலும் படித்தார்கள். படித்துவிட்டு ஒரே சண்டை.

‘போய் வருகிறேன்’ பேச்சு வழக்கு, பட்டன் என்றால் கட்டளையாக இருக்க வேண்டும் என்றார் ஒருவர். ‘விடுபதிகை’ என்று வைக்கலாம் என்றார் இன்னொருவர். “இது என்னடி, கஷாயத்துல போடற மூலிகையா?” என்று அவள் பிரவுசிங் சென்டரிலேயே சத்தமாகச் சிரிக்க, பக்கத்துத் தடுப்பிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதில் அடித்தாள். பட்டனை அமுக்குவது நான், அப்படியானால் அந்த இடத்தில் பேசுவதும் நான்தான், கிளம்புகிற நான் ‘வெளியேறு’ என்று எனக்கே கட்டளை போட்டுக்கொள்வேனா, எங்கள் ஊரில் கிளம்புகிறவர் போகிறேன் என்றுகூடச் சொல்ல மாட்டார், வருகிறேன் என்றுதான் சொல்வார். இவ்வளவுதான் எழுதினாள். வெகுநாள் பதிலே இல்லை, கிணற்றில் போட்ட கல். அப்புறம் ஒருநாள், உங்கள் சொல்லையே வைத்துக்கொள்கிறோம், அடுத்த பதிப்பில் வரும் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அவள் என் தோளைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் என் கழுத்துச் செயின் அறுந்தது.

அடுத்த பதிப்பு வரப் பல மாதங்கள் ஆயின. கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபாலிலேயே அனுப்பும் ஏற்பாடு ஒன்று அப்போது இருந்தது. உறையைப் பிரித்து, மெஷினில் ஏற்றி, தமிழுக்கு மாற்றி, இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்துகொண்டு அந்தப் பட்டனுக்குப் போனோம்.

பட்டனில் ‘போய்’ என்று மட்டும் இருந்தது. ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த பட்டன், நம் வார்த்தை அதற்குள் அடங்கவில்லை. ‘வருகிறேன்’ வெட்டுப்பட்டுவிட்டது. அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. எங்கள் பழைய மானிட்டரில் அந்தச் சின்ன எழுத்தில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுபோலத்தான் தெரியும். சுழி அடைத்துக்கொண்டு அந்தப் பட்டன் ‘பொய்’ என்று நின்றது. நாங்கள் அதை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து ஒரு மாணவி, “மிஸ், கெளம்பறதுன்னா பொய்யை அமுக்கணுமா மிஸ்?” என்று கேட்டாள்.

அவள் சிரித்த சிரிப்பில் நாற்காலியின் தன் பாதியிலிருந்து கீழே விழுந்தாள். அன்றிலிருந்து எங்கள் சென்டரில் யாரும் லாக் அவுட் செய்யவில்லை, பொய் அமுக்கிவிட்டுத்தான் போனார்கள். “பொய் அமுக்கிட்டியா?” “அமுக்கிட்டேன் மிஸ்.” பட்டனை அகலமாக்குங்கள் என்று மறுபடி எழுதிப் போட்டோம்.

அந்தப் பதில் வருவதற்குள் அவளுக்கு மாப்பிள்ளை வந்துவிட்டார். ராஜஸ்தானில் ஒரு சிமெண்ட் பேக்டரியில் வேலை. அவ்வளவு தூரமா என்று நான் பதறினேன். அவளோ அலட்டிக்கொள்ளவே இல்லை. “லூசாடி நீ? சிமெண்ட் கம்பெனிக்காரருக்கு அரியலூர்ல இல்லாத வேலையா? வருஷம் திரும்பறதுக்குள்ள இங்கயே வேல பாத்துக்கிட்டு வந்துடுவாருன்னு அவங்க வூட்டுலயே சொல்லிட்டாங்க,” என்றாள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. சுற்றிலும் சுண்ணாம்புக் கல் சுரங்கமும் பேக்டரிப் புகைபோக்கியுமாக இருக்கிற ஊரில், சிமெண்ட் வேலைக்காரர் ஒருவர் திரும்பி வர வழியா இல்லை என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “போயிட்டு வரேண்டி. நீ எடத்த மட்டும் பாத்து வை,” என்றாள்.

பார்த்து வைத்தேன். மார்க்கெட் தெருவில் ஒரு மாடி. அவள் சோற்றில் கோடு போட்டுக் காட்டிய மாதிரியே இரண்டு பக்கமும் ஜன்னல், நடுவில் சுவர். வீட்டுக்காரரிடம் இதோ அதோ என்று சொல்லி இழுத்துக்கொண்டே இருந்தேன். ஆரம்பத்தில் அவளிடமிருந்து வாராவாரம் மின்னஞ்சல் வந்தது. இந்தப் பக்கம் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார், ஆள் எடுப்பது தள்ளிப் போகிறது, குழந்தை பிறந்திருக்கிறது, மாமியாருக்கு உடம்பு சரியில்லை. அப்புறம் மாதம் ஒன்று. அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும். மார்க்கெட் தெரு மாடியில் செருப்புக் கடை வந்தது. தனியாக ஆரம்பிக்க வேண்டியதுதானே என்று வீட்டில் கேட்டார்கள். எப்படி ஆரம்பிப்பது? அந்த சென்டரில் பாதி நாற்காலி அவளுடையது.

சென்டரில் மெஷின்கள் மாறின, லினக்ஸின் புதுப் பதிப்புகள் வந்தன. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும், பழைய வீடுகளை அழித்துவிடட்டுமா, வைத்திருக்கட்டுமா என்று அது கேட்கும். படிப்பு முடித்துப் போனவர்களின் வீடுகளையெல்லாம் அழிப்பேன். அவள் வீட்டை மட்டும் தொட மாட்டேன். “யாரும்மா இந்தப் பேர்ல? ஆளே இல்லயே?” என்று முதலாளி கேட்பார். வருவாங்க சார் என்பேன். ரூட் நான், நினைத்தால் அவள் வீட்டைத் திறந்து பார்க்கலாம். ஒருநாளும் திறந்ததில்லை. ஆளில்லாத வீட்டுக்குள் போய் நின்று நான் என்ன செய்ய? அவளைத்தான் தேடியது என் மனசு. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது தேடும். புதிதாக ஒரு மோசமான மொழிபெயர்ப்பு கண்ணில் பட்டால், திட்டுவதற்கு ஆளில்லாமல் தேடும்.

அரியலூரை மறுபடி தனி மாவட்டம் ஆக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த வருடம் அவள் வந்தாள். தம்பி கல்யாணத்துக்காக ஒரு வாரம். முதல் நாளே வருவாள் என்று பார்த்தேன், திரும்புவதற்கு முந்தின நாள்தான் வர முடிந்தது. கொஞ்சம் பூசினாற்போல இருந்தாள். இடுப்பில் குழந்தை, அது பாதி இந்தியில் எதையோ கேட்டு அழுதது. மாடி ஏறியதும் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“என் வூடு இன்னும் இருக்காடி?” என்றாள்.

மெஷினைக் காட்டினேன். பெயரை அடித்தாள். பாஸ்வேர்டுக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, விரல்கள் தாமாகப் போயின. திறந்துகொண்டது. அவள் வைத்துவிட்டுப் போன பெரிய எழுத்து, அவள் போட்ட நீல நிறம், எல்லாம் அப்படியே. குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் இங்கே அங்கே திறந்து பார்த்துவிட்டு மெனுவில் அந்தக் கடைசி இடத்துக்கு வந்தாள். புதுப் பதிப்பில் பட்டனை அகலமாக்கியிருந்தார்கள். ‘போய் வருகிறேன்’ என்று ஓரெழுத்து குறையாமல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மெஷினில் இருந்த பெண், பாவம், அது யாருடைய வார்த்தை என்று அதற்குத் தெரியாது. “அக்கா, கெளம்பணும்னா அந்தப் பொய்யை அமுக்குங்கக்கா,” என்றது.

“இன்னும் அப்படியேதான் சொல்றாங்களா?” என்று அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அமுக்காமலே எழுந்துகொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் நின்றிருந்தது. ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுத்தேன், குழந்தையை உள்ளே நீட்டினேன். கீழே நின்றபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி, போறேண்டி,” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன வாய்டி உனக்கு? போயிட்டு வரேன்னு சொல்லு.”

“ஒரு தடவ சொன்னேன்ல. வந்தேனா?” என்றாள். “அங்கயே வூடு கட்டறோம்டி. அவரு இந்தப் பக்கம் வேல தேடறத வுட்டே ரெண்டு வருஷமாச்சு. உனக்கு எழுதக் கை வரல. இன்னொரு தடவ உங்கிட்ட பொய் சொல்ல வாயும் வரமாட்டேங்குது.”

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன்.

“பொய்யாவே இருந்துட்டுப் போவுது,” என்றேன். “சொல்லிட்டுப் போடி.”

பஸ் திரும்பும்போது அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். “போயிட்டு வரேண்டி,” என்றாள். அத்தனை ஹாரன் சத்தத்திலும் எனக்கு அது முழுசாகக் கேட்டது.